மூடாமல் விட்ட கால் சுற்று

அனுப்புநர்:
சாவிக்காரர் மனைவி,
கீழ் வரிசை, ஏழாம் எண் வீடு,
பழைய சோப்புக் கம்பெனித் தெரு
(இப்போது வணிக வளாகத்தின் வாகன நுழைவு வழி).

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: கீழ் வரிசையில் மிஞ்சியுள்ள ஏழு வீடுகளை இடிக்கும் உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருதல், வளாகத்தின் அடித்தளச் சுவர் நனைவதற்கான உண்மைக் காரணத்தைத் தெரிவித்தல், அதில் என் கணவருக்கும் எனக்கும் உள்ள பங்கை ஒப்புக்கொள்ளுதல் தொடர்பாக.

பார்வை: எங்கள் ஏழு கதவுகளிலும் ஒட்டப்பட்ட இருபத்தொரு நாள் அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு, எழுந்து நின்று சொல்லும் வணக்கம்.

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அந்த ஐந்து ஆண்டும் கையெழுத்துக்கு வகுப்பில் முதலாவதாக வந்தவள். ஆகையால் இம்மனுவை யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. சட்டம் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி கணினியில் அடித்துத் தருவதாகச் சொன்னாள். விஷயம் இன்னதென்று கேட்ட பிறகு, "பாட்டி, தப்பை நாமளே ஒத்துக்கிட்டு யாராவது மனு போடுவாங்களா?" என்றாள். அவள் படிப்பு அவளுக்கு. நான் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். நான்காம் பக்கத்தில் ஓரிடத்தில் மை கலைந்திருப்பது தண்ணீர் பட்டதால். வேறொன்றுமில்லை.

2. அறிவிப்பில் கண்டிருப்பது: எதிரில் உள்ள வணிக வளாகத்தின் இரண்டாம் அடித்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், தெருப் பக்கத்துச் சுவர் இரண்டு ஆண்டுகளாக நனைகிறது, எங்கள் ஏழு வீடுகளின் கழிவுநீர் கசிந்து இறங்குவதே அதற்குக் காரணம், எங்கள் வீடுகளும் பழுதடைந்தவை, ஆகவே பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டு இருபத்தொரு நாளில் காலி செய்ய வேண்டும். அதில் ஒன்பது நாள் போய்விட்டது.

3. எங்கள் ஏழு வீடுகளில் இருபத்தாறு பேர் இருக்கிறோம். முதல் வீட்டில் துணி தேய்ப்பவரும் அவர் மனைவியும். மூன்றாம் வீட்டில் கம்பத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் அசைவில்லாத எலக்ட்ரீஷியன். அவர் கட்டிலை அந்தக் கதவு வழியாக வெளியே எடுக்க முடியாது, கட்டில் அறைக்குள்ளேயே செய்யப்பட்டது. மற்றவர்களைப் பற்றியும் எழுதலாம். எழுதினால் பரிதாபம் தேடுவதாக இருக்கும். எங்கள் கழிவுநீர் கசியவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். ஏழு வீட்டிலும் நீலம் கரைத்து ஊற்றிப் பார்த்துவிட்டோம். ஏழு வீட்டு நீலமும் பின்சந்து சாக்கடையில் போய் ஒழுங்காக வந்து நின்றது. வளாகத்துச் சுவரில் ஒரு சொட்டு நீலம் இல்லை. சந்தேகமிருந்தால் தங்கள் ஆட்கள் முன்னிலையில் மறுபடியும் ஊற்றிக் காட்டத் தயார்.

4. அப்படியானால் சுவரை நனைப்பது எது என்று கேட்பீர்கள். அது குடிநீர். தங்கள் மாநகராட்சியின் சுத்தமான குடிநீர். ஏழு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மூடாமல் விட்டது நாங்கள்தான். எப்படி என்பதைச் சொல்லத் தெருவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீளமாக இருந்தால் மன்னிக்க வேண்டும். தெரு நீளமாக இருந்தது.

5. நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது இது சோப்புக் கம்பெனித் தொழிலாளர்களுக்காகக் கட்டிய தெரு. மேல் வரிசையில் இருபத்தொன்று, கீழ் வரிசையில் இருபத்தொன்று, ஆக நாற்பத்திரண்டு வீடுகள். ஒவ்வொன்றும் ஒன்றரை அறை. தெரு முழுக்கச் சோப்பு வாசனை, ஆனால் குளிக்கத் தண்ணீர் இருக்காது. தெரு தலைப்பில் ஒரு பொதுக்குழாய் இருந்தது. பிறகு வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்தார்கள். என் கணவர் தங்கள் குடிநீர்ப் பிரிவில் வால்வு திறந்து மூடும் பணியாளர். நெஞ்சு உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி, தலையில் குறுக்குப் பிடி. அதைத் தோளில் போட்டுக்கொண்டு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவார். ஊருக்குள் அவருக்குப் பெயரே சாவிக்காரர்தான். சம்பள நாளன்று மட்டும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், திரும்பிப் பார்க்க மாட்டார்.

6. எங்கள் தெரு தலைப்பிலிருந்து கடைசி வரை மெல்ல மேடேறிப் போகும். நடக்கிறவர்களுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். முதல் வீட்டில் குடம் நிறைந்து வழியும்போது கடைசி வீட்டுக் குழாய் வெறும் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். என் கணவருக்கு முன்னால் இருந்தவர் காலத்தில், கடைசி வீட்டில் ஒரு பிரசவம். நேரமாகிவிட்டது என்று அவர் வால்வை மூடிவிட்டார். பிள்ளையைக் கழுவத் தண்ணீர் இல்லாமல் வீடு வீடாகச் சொம்பு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்குத் தெரு ஒரு வழக்கம் போட்டது. நேரமானதும், வால்வை முழுதாக மூட வேண்டிய பதினான்கு சுற்றில் பதின்மூன்றே முக்கால் சுற்றை மூடலாம். மீதிக் கால் சுற்றைக் கடைசி வீடு "போதும்" என்று சொன்ன பிறகே மூட வேண்டும். கடைசி வீடு சொல்லும், அதை அடுத்த வீடு வாங்கிச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும். அந்தச் சொல் வீடு வீடாகக் கைமாறித் தெரு தலைப்புக்கு வந்து சேரும். வந்த பிறகு என் கணவர் அந்தக் கால் சுற்றைத் திருகுவார். இது தங்கள் அலுவலக விதிப் புத்தகத்தில் இல்லை. ஆனால் நாற்பது ஆண்டு நடந்தது.

7. சொல்லத் தொடங்கும் வீட்டில் இருந்தவர் காஜா எடுப்பவர், அதாவது சட்டைக்குப் பொத்தான் துளை தைப்பவர். என்னைவிட மூத்தவர், தனி ஆள், எல்லோருக்கும் கடைசி வீட்டு அக்கா. வாய் கொஞ்சம் அதிகம். என் கணவரைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன சாவிக்காரரே, என் வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள தண்ணிக்கே நரைச்சுப் போகுது" என்பார். இவர் தலையாட்டிவிட்டுச் சாவியோடு நடந்துவிடுவார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பார். என்னிடம் சிரித்து என்ன பயன், அங்கேயே சிரித்திருக்கலாமே என்று நான் கேட்பதுண்டு.

8. சோப்புக் கம்பெனி மூடினார்கள். மேல் வரிசையில் பாதிப் பேர் விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் சுவரை இடித்து இரண்டு மூன்று வீட்டைச் சேர்த்து அச்சகமும் அட்டைப்பெட்டிக் கிடங்கும் வைத்தார்கள். கிடங்கில் விடியற்காலை ஐந்தரைக்கு யார் இருப்பார்கள், "போதும்" வாங்கிச் சொல்ல? சொல் அந்த இடங்களைத் தாண்டிக் குதித்து வர வேண்டியதாயிற்று. பிறகு வண்டிகள் வரத் தெருவை அகலப்படுத்துகிறோம் என்று கீழ் வரிசையில் வாசற்படிகளை எடுத்தார்கள். பிறகு அகலமான தெருவுக்கு ஒன்றரை அறை வீடுகள் அழகாக இல்லை என்றார்கள். பிறகு மறுசீரமைப்புத் திட்டம் என்று பெரிய பலகை வைத்தார்கள். பலகையில் ஒரு தெரு வரைந்திருந்தது. மரங்கள், குடை, கை கோத்து நடக்கும் மனிதர்கள். அவர்கள் யாரும் எங்கள் தெருவில் இருந்ததில்லை. துணி தேய்ப்பவர் தினமும் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு வந்து, நம்ம ஆள் ஒருத்தர்கூட இல்லை என்று சொல்வார்.

9. வீடுகள் ஒவ்வொன்றாகப் போகப் போக, அந்தச் சொல் நாற்பத்திரண்டு வாயிலிருந்து முப்பது, பதினெட்டு, பதினொன்று என்று குறைந்தது. பல் விழுந்த வாயில் பேச்சு வருவதுபோல இடையிடையே காற்றாக வரும். கடைசி ஆண்டில் மேல் வரிசை முழுதும் காலி, கீழ் வரிசையில் எங்களுக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவில் பதின்மூன்று வீடுகள் கதவு சன்னல் பெயர்த்தெடுத்த நிலையில் நின்றன. கைமாற்றிச் சொல்ல ஆளில்லை. ஆனால் அப்போதுதான் அக்காவின் குரல் முன்னெப்போதும் இல்லாத அளவு தெளிவாகக் கேட்டது. காலி வீடு குரலைத் தின்னாது ஐயா, திருப்பித் தரும். அவர் ஒருமுறை சொன்னால் ஒவ்வொரு காலி வாசலும் ஒருமுறை சொல்லும். கேட்பவர்களுக்குப் பழையபடி எல்லோரும் இருந்து சொல்வதுபோல இருக்கும். ஒருநாள் என் கணவர் அந்தச் சத்தம் ஓயும்வரை சாவியைப் பிடித்தபடி நின்றுவிட்டு, "எல்லாரும் சொல்லிட்டாங்க" என்றார்.

10. இங்கே ஒரு சட்டமீறலைச் சொல்லியாக வேண்டும். அவருடைய பணியின் கடைசி நான்கு ஆண்டுகளில் அவர் கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. சாவியைக் குழிக்குள் இறக்கி முனையைப் பிடிக்க வைப்பதே கஷ்டம். ஓய்வு பெறும் நாள் வரை அதை யாருக்கும் தெரியவிடவில்லை. அந்த நான்கு ஆண்டும் எங்கள் தெரு வால்வைத் திறந்தது மூடியது நான். அவர் பக்கத்தில் நின்று சுற்றை எண்ணுவார். நான் தங்கள் அலுவலகப் பணியாளர் அல்லள். இதற்கு என்ன தண்டனையோ அதை எனக்கே தர வேண்டுகிறேன். ஒருநாள்கூடச் சுற்று தப்பியதில்லை என்பதையும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

11. தெருவின் குடிநீர் இணைப்பை நிரந்தரமாக மூடச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் ஏழு வீடுகளுக்குப் பின்சந்தில் புதுக் குழாய் போட்டிருந்தார்கள். தெருக்குழாய் இனி யாருக்கும் தேவையில்லை என்பது கணக்கு. அன்று காலை வந்த அதிகாரிக்கு வேறு இடத்துக்குப் போக வேண்டிய அவசரம். பதிவேட்டை நீட்டி, முதலில் கையெழுத்துப் போடுங்கள், பிறகு மூடிக்கொள்ளுங்கள் என்றார். என் கணவர் "மூடப்பட்டது" என்ற சொல்லுக்கு நேரே கையெழுத்திட்டார். அதிகாரியின் வண்டி போனது. நான் சாவியை இறக்கினேன். பதின்மூன்றே முக்கால் சுற்று வந்தது. அவர் கையை உயர்த்தினார். நின்றேன்.

12. காத்திருந்தோம். சொல் வரவில்லை. ஆறு மணி ஆயிற்று, ஏழு ஆயிற்று. நான் பிடியை விட்டுவிட்டுக் கடைசி வீடு வரை நடந்து போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே கட்டில் இல்லை, தையல் சாமான் இல்லை. சுவரோரம் ஒரு குடம் மட்டும் குழாய்க்கு நேரே வைத்திருந்தது. அது நிறைந்து வழிந்து, தண்ணீர் வாசல்வரை வந்திருந்தது. அக்காவின் அண்ணன் மகன் முதல்நாள் மாலை வந்து அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். மூடிக்கிடந்த அச்சகத்தைக் காவல் காத்தவர் சொன்னார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. இருபது நாள் கழித்து இறந்துபோனார் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். போகும்போது எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல விட்டார்களோ என்னவோ. அந்தக் குடத்தை நான் நகர்த்தவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

13. திரும்பி வந்து அக்கா போய்விட்டதைச் சொன்னேன். இவர் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பத்துநான்கு ஆண்டுப் பழக்கம் ஐயா. தலைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. "அவ சொல்லலையே. நாளைக்கு மூடிக்கலாம்" என்றார். நானும் சரி என்றேன். சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். எங்கள் குற்றம் இதுதான், இவ்வளவுதான். வேறு தெருவில் வேறு பணியாளர் என்றால் ஆளில்லாத வீட்டுக்காகக் கால் சுற்றை விட்டுவைத்திருக்க மாட்டார்.

14. அன்று மதியமே தகரத் தடுப்பு அடித்துவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் இவர் சாவியோடு போய்த் தடுப்பு வாசலில் நின்று, வால்வு மூட வேண்டும், ஐந்து நிமிடம் உள்ளே விடுங்கள் என்று கேட்டார். அங்கிருந்த மேஸ்திரி கெட்டவர் அல்லர். உட்கார நாற்காலிகூடக் கொடுத்தார். ஆனால், "உள்ள தெருவே இல்லையே பெரியவரே, நீங்க எதைப் போய் மூடப் போறீங்க?" என்று கேட்டார். இவர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அடுத்த வாரம் ஓய்வு. அலுவலகத்தில் சொல்ல வெட்கம். முப்பத்துநான்கு ஆண்டு பணியில் ஒரு புகாரும் இல்லாதவர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். சட்டம் போட்டு மாட்டியது நான். அவர் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

15. தோண்டும் இயந்திரம் வந்தபோது, குழாயையும் பிடுங்கி எறிந்திருப்பார்கள் என்று நாங்கள் நம்பினோம். நம்ப வசதியாக இருந்தது. அவர்கள் தோண்டியது வீடுகள் இருந்த இடத்தை. தெரு இருந்த இடத்தை அப்படியே மண் போட்டு மூடி, மேலே வழுவழுப்பான கல் பதித்து, வண்டிகள் நுழையும் வழியாக்கிவிட்டார்கள். வீட்டு இணைப்புகள் அறுபட்டபடி குழாய் கீழே கிடக்கிறது. அதை ஒட்டித்தான் அடித்தளச் சுவர் இறங்குகிறது.

16. ஓய்வு பெற்ற இரண்டு ஆண்டில் என் கணவர் காலமானார். கடைசி ஒரு வாரம் நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. பிள்ளைகளை அடையாளம் தெரியவில்லை. என்னை மட்டும் தெரிந்தது. பார்க்கும் போதெல்லாம் ஒரே கேள்வி. "அவ சொல்லிட்டாளா?" என்று கேட்பார். ஆறு நாள், இல்லை என்று உண்மையைச் சொன்னேன். ஏழாம் நாள் காலை, "சொல்லிட்டா" என்றேன். அவர் வலது கை போர்வைக்கு மேல் கால் சுற்று இடப்பக்கம் திரும்பியது. அவ்வளவுதான். நான் சொன்னது பொய். பதிவேட்டில் உள்ளது ஒரு பொய் என்றால் இது இரண்டாவது.

17. இப்போது நடந்ததற்கு வருகிறேன். வளாகத்தின் அடித்தளத்தில் காவல் பார்ப்பவர் முன்பு லாரி ஓட்டியவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், பயந்தவர் என்று சொல்ல முடியாது. வேறு இடத்துக்கு மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்கு முன்னால் இருந்த இருவர் எழுதிக் கொடுக்காமலேயே போய்விட்டார்கள். என்ன காரணம் என்று கேட்டேன். சொல்லத் தயங்கி, தண்ணீர் வாங்கிக் குடித்து, பிறகு சொன்னார்: "கீழே யாரோ குடம் நிரப்புறாங்கம்மா. சுவத்துக்கு அந்தப் பக்கம். நிறையவே மாட்டேங்குது."

18. எந்த நேரத்தில் கேட்கிறது என்று கேட்டேன். அவர் தம்முடைய காவல் நோட்டில் குறித்து வைத்திருந்தார். தினமும் காலை ஐந்து முதல் ஆறரை வரை, மாலை நான்கு முதல் ஐந்து வரை. ஐயா, இது பேயின் நேரம் அல்ல. தங்கள் மாநகராட்சி இந்தப் பகுதிக்குக் குடிநீர் விடும் நேரம். சென்ற மாதம் நீரேற்று நிலையத்தில் பழுது என்று இரண்டு நாள் எங்கும் தண்ணீர் வரவில்லை அல்லவா? அந்த இரண்டு நாளும் அவர் நோட்டில் "சத்தம் இல்லை" என்று எழுதியிருக்கிறார். சாக்கடை கடிகாரம் பார்த்து ஒழுகாது. நீரேற்று நிலையம் பழுதானால் அது விடுமுறை எடுக்காது.

19. ஆனாலும் காதால் கேட்காமல் எழுதக் கூடாது என்று, வளாகம் மூடியிருந்த ஒரு விடுமுறை நாள் மாலை நான்கரை மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அதன் முனையைத் தரையில் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்பது எங்கள் வேலை முறை. நிற்கும் தண்ணீர் பேசாது, ஓடும் தண்ணீர் பேசும். எட்டு இடத்தில் வைத்துக் கேட்டேன். ஏழு இடத்தில் கல். எட்டாவது இடத்தில் எங்கள் தெரு. நுழைவாயில் காவலாளி என்னைத் துரத்த வந்தார். நான் பிடியை அவர் பக்கம் திருப்பினேன். காதை வைத்தார். நெடுநேரம் அதை எடுக்கவில்லை. பிறகு, இது யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்டார். கடைசி வீட்டுக்குப் போவது என்றேன்.

20. இதற்கு முன் தங்கள் உதவிப் பொறியாளரை மூன்று முறை நேரில் பார்த்தேன். சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். பதிவேட்டைத் தேடி எடுத்து, பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "பாட்டி, உங்க வீட்டுக்காரரே மூடியாச்சுன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. அவரைவிட உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவருடைய கையெழுத்தை ஐந்து ஆண்டுக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தேன். நடுக்கம் தெரியாமல் இருக்க அழுத்திப் போட்டிருக்கிறார். அந்த இடத்தில் அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று முறையும் அப்படியே வந்தேன். அதனால் எங்கள் ஆறு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒன்பது நாள் வீணானது. அந்தக் கேள்விக்குப் பதிலை இங்கே எழுத்தில் தருகிறேன்: தெரியும். சாவி என் கையில் இருந்தது.

21. வால்வு இருக்கும் இடம்: வளாக நுழைவாயிலில் இடப்பக்கம் வரிசையாக ஆறு கல் தொட்டிகளில் செடி வைத்திருக்கிறார்கள். நான்காவது தொட்டியின் செடி மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு வளர்ந்திருக்கும். தோட்டக்காரரை அதற்காகப் பாராட்டினார்களாம். அவர் மேல் தவறில்லை. வால்வுக் குழி அந்தத் தொட்டிக்கு நேர் கீழே, மூன்றரை அடி ஆழத்தில் இருக்கிறது.

22. ஓர் எச்சரிக்கை. எங்கள் தெரு வால்வு மிகப் பழையது. இடப்பக்கம் திருகினால்தான் மூடும். தங்கள் புதுப் பணியாளர்கள் வழக்கப்படி வலப்பக்கம் திருகினால் வால்வு முழுதும் திறந்து கொள்ளும். மேலும் பலம் போட்டால் கழுத்து முறியும். பிறகு அடித்தளத்தில் நிற்கும் வண்டிகள் மிதக்கும். ஆகவே நான் அருகில் இருக்க வேண்டியது அவசியம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையும் உண்டு.

23. ஆகவே தங்களைப் பணிந்து வேண்டுவன:

(அ) எங்கள் ஏழு வீடுகளை இடிக்கும் உத்தரவை, மேற்படி இடத்தைத் தோண்டிப் பார்க்கும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். நான் சொன்ன இடத்தில் வால்வு இல்லையென்றால் முதல் கடப்பாரையை என் வீட்டுச் சுவரிலேயே போடலாம்.

(ஆ) தண்ணீர் விடும் நேரத்தில், காலை ஐந்தரை மணிக்குத் தோண்ட வேண்டும். அப்போதுதான் தங்கள் அதிகாரிகள் காதாலேயே கேட்க முடியும்.

(இ) என் கணவரின் சான்றிதழைச் சட்டத்திலிருந்து கழற்றி, மூலப் பிரதியாகவே இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் "ஒரு புகாரும் இல்லாதவர்" என்று இருக்கிறது. இந்த மனுதான் அவர் மீது வரும் முதல் புகார். கொடுப்பவள் அவர் மனைவி. அந்த வரியை அடித்துவிட்டுத் திருப்பித் தர மனமிருந்தால் திருப்பித் தாருங்கள். அடித்த இடம் வெளியே தெரியும்படியே மாட்டிக்கொள்கிறேன். இல்லையென்றால் தங்கள் கோப்பிலேயே இருக்கட்டும்.

(ஈ) மூடும்போது, பதின்மூன்றே முக்கால் சுற்று ஏற்கெனவே மூடியிருக்கிறது. மீதிக் கால் சுற்றுத்தான். தங்கள் பணியாளர் எவரும் அதைத் திருகலாம். எனக்கு இப்போது அந்தப் பலம் இல்லை. ஆனால் அதைத் திருகுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் நிற்க வேண்டும். இந்தத் தெருவில் கடைசி வீடு சொல்லாமல் வால்வை மூடும் வழக்கமில்லை. அக்கா இல்லை, அவர் வீடும் இல்லை. அவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள், அதற்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவரும் இல்லை. வரிசைப்படி எண்ணிக்கொண்டே வந்தால் மிஞ்சியிருப்பதில் கடைசிக் கதவு ஏழாம் எண். அது என் வீடு. நான் இதை எழுத உட்கார்ந்த அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். எங்களையும் அப்புறப்படுத்திவிட்டால், அதைச் சொல்ல ஆளே இல்லாமல் அந்தத் தண்ணீர் அந்தச் சுவருக்குப் பின்னால் குடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே அன்று காலை என்னை என் வாசலில் நிற்க அனுமதிக்க வேண்டும். தங்கள் ஆட்கள் நான்காம் தொட்டியருகில் நிற்கட்டும். நடுவில் நூறடி இருக்கும். எனக்கு எழுபத்தெட்டு வயதானாலும் குரல் இருக்கிறது.

நான் சொல்வேன். கேட்டதும் மூடிவிடுங்கள்.

இப்படிக்கு, உண்மையை எழுதக் கடமைப்பட்ட,

(சாவிக்காரர் மனைவி)
கடைசி வீடு.

இடம்: மேற்படி தெரு
நாள்: அறிவிப்பு ஒட்டிய ஒன்பதாம் நாள், காலை ஆறரை, தண்ணீர் நிற்கும் நேரம்.

இணைப்பு:
1. பணிச் சான்றிதழ், மூலப் பிரதி.
2. வால்வு இருக்கும் இடத்தின் வரைபடம், என் கையால் போட்டது. ஆறு கட்டங்கள் தொட்டிகள். வட்டமிட்டது நான்காவது. மற்ற சிறு கட்டங்கள் நாற்பத்திரண்டும் பழைய வீடுகள். அவை தோண்டும் வேலைக்குத் தேவையில்லை, கை போட்டுவிட்டது.
3. அடித்தளக் காவலாளியின் நோட்டிலிருந்து இரண்டு பக்கங்கள், அவர் சம்மதத்துடன்.